தைக்கு முன் ஆறு வாரம்: மாடும் விருந்தாளியும் ஒரே வளாகத்தில் இருந்தால் எப்படித் தயாராவது

நம் ஊரில் வசந்த காலம் என்று தனியாக ஒன்று வருவதில்லை. ஆனால் மலேசியாவில், பினாங்கின் செபராங் பிறையில் மாடு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் வருஷம் எப்போது தொடங்குகிறது என்று சொல்லிவிடுவார்கள். செப்டம்பர், அக்டோபரில் கொட்டித் தீர்த்த மழை நவம்பரில் மெல்ல அடங்கி, டிசம்பரில் கொட்டகை வாசலில் சேறு காய்ந்து பாதம் பதியாமல் நடக்க முடிகிறதே, அன்றைக்குத்தான். அங்கிருந்து பொங்கல் வரை ஏறத்தாழ ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் நீங்கள் செய்வதும் செய்யாமல் விடுவதும் அடுத்த பத்து மாதம் மடியிலும் குளம்பிலும் தெரியும்.

எங்கள் வீடு சுங்கை பாக்காப்புக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. தாத்தா தோட்டத்து லயத்தில் இரண்டு மாடு கட்டிப் பால் ஊற்றியவர். இப்போது எங்களிடம் 12 பெரிய மாடுகள், சில கிடாரிகள், கன்றுகள். அதோடு பழைய தென்னந்தோப்புப் பக்கம் மூன்று அறைகள் கட்டி, வெளியூர்க்காரர்கள் வந்து தங்க விடுகிறோம். பொங்கலில் தொடங்கி தைப்பூசம், சீனப் பெருநாள் என்று அறைகள் காலியாகவே இருக்காது. கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், "மாட்டைத் தொட்டுப் பார்க்கட்டும்" என்று.

இப்படி ஒரு இடத்தைப் புதிதாகத் தொடங்குகிற குடும்பங்கள் சில என்னிடம் வந்து கேட்கும் முதல் கேள்வி, அறைக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம் என்பதுதான். பெயிண்ட் கடைசி வாரத்தில் அடித்தால் போதும். முதலில் மாட்டு வேலை முழுவதும் முடியட்டும், அப்புறம் அறை. இந்த வரிசையை மாற்றவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன், ஏனென்றால் அறை வேலையை ஒரே நாளில்கூட முடிக்கலாம், மாட்டு வேலை ஒவ்வொன்றுக்கும் மாட்டின் உடம்பு எடுத்துக்கொள்ளும் காலம் என்று ஒன்று இருக்கிறது, அதை நாம் சுருக்க முடியாது. விருந்தாளி வந்து இறங்கிய பிறகு ஊசி போட, புல் ஊற வைக்க, சினை மாட்டைப் பிரிக்க என்று ஓடினால் இரண்டுமே கெடும்.

நோட்டைத் திறந்து நாளை எண்ணுங்கள்

முதல் வேலை கையில் மண்வெட்டி எடுப்பது இல்லை, சினை நோட்டை எடுப்பது. மாடு சினையாகி ஈனுவதற்கு சுமார் 280 நாள். ஏப்ரல் 10ஆம் தேதி சினை ஊசி போட்டிருந்தால் ஜனவரி நடுவில், சரியாகப் பொங்கல் வாரத்தில் ஈனும். வீடு நிறைய ஆட்கள், வாசலில் கார்கள், பிள்ளைகள் கத்தல், அதற்கு நடுவில் ஒரு தலைச்சன் கிடாரி ஈனுவது அதற்கும் கொடுமை, நமக்கும் கொடுமை. அதனால் ஏப்ரல் மாதம் பருவத்துக்கு வந்த மாட்டுக்கு நாங்கள் அடுத்த பருவம் வரை, அதாவது 21 நாள், காத்திருந்துதான் ஊசி போடுகிறோம். மூன்று வாரப் பால் தள்ளிப்போகும், அது பரவாயில்லை.

ஏற்கெனவே சினையாக இருக்கிற மாடுகளுக்கு, ஈனும் தேதியிலிருந்து 60 நாள் பின்னால் எண்ணி, அன்றோடு கறப்பதை நிறுத்த வேண்டும். ஜனவரி கடைசியில் ஈன வேண்டிய மாட்டுக்கு நவம்பர் கடைசியில் பால் வற்ற வைக்க வேண்டும் என்று கணக்கு. அந்த வாரம் அடர்தீவனத்தைக் குறைத்து, வைக்கோலை அதிகமாக்கி, கடைசிக் கறவை முடிந்ததும் மருத்துவர் கொடுத்த குழாய் மருந்தைக் காம்பில் ஏற்றிவிடுங்கள். "இன்னும் நாலு லிட்டர் கொடுக்கிறாளே, பொங்கல் வரைக்கும் கறக்கலாம்" என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள். அந்த இரண்டு மாத ஓய்வில்தான் மடி புதுப்பிக்கப்படுகிறது, சீம்பாலும் அப்போதுதான் ஊறுகிறது.

ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்னால் அந்த மாட்டைத் தனி இடத்துக்கு மாற்றிவிடுங்கள். காய்ந்த வைக்கோல் தடிமனாக, ஒரு பக்கம் காற்று, ஒரு பக்கம் மறைப்பு, விருந்தாளிகள் நடக்கும் பாதையிலிருந்து முடிந்தவரை தூரம். அயோடின், சுத்தமான துண்டு, கயிறு, டார்ச் லைட், மருத்துவரின் எண் எழுதிய அட்டை எல்லாம் ஒரு வாளியில் போட்டு அங்கேயே தொங்கவிடுங்கள். நடுராத்திரியில் தேட முடியாது. கன்று விழுந்து இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும், தொப்புளுக்கு அயோடின் வைக்க வேண்டும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 2.5 லிட்டர். அது போக மிஞ்சினால்தான் நமக்குத் திரட்டுப்பால்.

தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும்

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது: மழை விட்டதும் முதல் வாரமே சாக்கடை முழுக்கத் தூர் எடுத்துவிடுவோம். காய்ந்த பிறகு செய்தால் கல் மாதிரி இறுகிவிடும், சங்குல் (மண்வெட்டி) எடுத்துக் கொத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே வழித்துவிட்டால் அந்தச் சேற்றை அப்படியே நேப்பியர் தீவனப்புல் பாத்திக்குப் போடலாம்.

கொட்டகைத் தரையில் விரிசல், பள்ளம் இருக்கிறதா என்று முழங்கால் போட்டுப் பாருங்கள். மூன்று மாதம் ஈரத்தில் நின்ற குளம்பு மெத்தென்று ஆகியிருக்கும், அதில் ஒரு சின்னக் கல் குத்தினாலும் குளம்பழுகல் வந்துவிடும். டிசம்பரில் நாங்கள் எல்லா மாட்டுக்கும் குளம்பு செதுக்க ஆள் கூப்பிடுவோம். அதற்குப் பிறகு இரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று தடவை, கறவைக்குப் போகும் வழியில் ஆழமில்லாத தொட்டி வைத்து மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்த தண்ணீரில் நடக்க விடுவோம். 20 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ. அந்தத் தண்ணீரை வேலை முடிந்ததும் புல் பாத்தியிலோ மீன் குளத்திலோ கொட்டிவிடாதீர்கள், செம்பு மண்ணில் தங்கிவிடும், மீன் செத்துவிடும். ஆடு வைத்திருந்தால் இன்னும் கவனம், அதுவும் செம்மறிக்குச் செம்பு விஷம்.

குடிதண்ணீர்க் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். நம் வெயிலுக்கு ஒரு கறவை மாடு ஒரு நாளைக்கு 60 லிட்டர் குடிக்கும், நன்றாகக் கறப்பது அதற்கு மேலும் குடிக்கும். எங்கள் 12 மாட்டுக்கு மட்டும் 700 லிட்டருக்கு மேல். கழுவ, அறைகளுக்கு, சமையலுக்கு எல்லாம் தனி. 2024 ஜனவரி 10 முதல் 14 வரை பினாங்கு முழுவதும் பெரிய பழுதுபார்ப்புக்காகத் தண்ணீர் விநியோகம் தடைப்பட்டது, பொங்கல் 15ஆம் தேதி. முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள், நாங்களும் 1000 லிட்டர் கட்டத் தொட்டி மூன்று வாங்கி நிரப்பி வைத்தோம், மழைத்தண்ணீர்த் தொட்டி வேறு இருந்தது. விருந்தாளிகளுக்கு வாளியும் மக்கும் கொடுத்து நிலைமையைச் சொன்னோம், யாரும் முகம் சுளிக்கவில்லை. மாடுகள் ஒரு வேளைகூடத் தாகத்தோடு நிற்கவில்லை. அந்தத் தொட்டிகளை இப்போதும் டிசம்பர் கடைசியில் நிரப்பிவிடுகிறோம், அறிவிப்பு வந்தாலும் வராவிட்டாலும்.

தொட்டி என்றால் கொசு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே மாட்டுத் தொட்டிகளை வாரம் ஒரு முறை முழுக்கக் கவிழ்த்து, பக்கச் சுவரைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, மறுபடி நிரப்புங்கள். தேய்ப்பதை விட்டுவிடாதீர்கள், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். பெரிய தொட்டிகளுக்கு வலை மூடி போடுங்கள். பழைய டயர், உடைந்த பூந்தொட்டி, தேங்காய்ச் சிரட்டை எல்லாம் லோரியில் ஏற்றி அனுப்பிவிடுங்கள். விருந்தாளி வீட்டுக்குப் போய் டிங்கிக் காய்ச்சலில் படுத்தால் அந்த வருத்தம் நமக்குத் தீராது.

வறட்சி வெயிலுக்கு முன்னால் புல்லை ஊற வையுங்கள்

ஜனவரியும் பிப்ரவரியும் பினாங்கில் வறண்ட மாதங்கள். மழைக்காலத்தில் நம்மை மிஞ்சி வளர்ந்த நேப்பியர் அப்போது நின்றுவிடும், இலை நுனி காயும். அந்த நேரத்தில்தான் விருந்தாளிகளும் இருப்பார்கள், வெளியே போய்ப் புல் அறுக்க ஆள் கிடைக்காது. அதனால் நவம்பர், டிசம்பரில் உபரியாக இருக்கும் புல்லை ஊறுகாய்ப்புல்லாகப் போட்டுவிட வேண்டும். சைலேஜ் என்பது இதுதான்.

செய்முறை கடினமில்லை, ஆனால் அவசரப்பட்டால் அழுகிவிடும். புல் 45லிருந்து 55 நாள் வயதில் இருக்க வேண்டும். அதற்கு இளசாக இருந்தால் தண்ணீர் அதிகம், முற்றினால் தண்டு மரமாகிவிடும். தரையிலிருந்து நாலு விரல் விட்டு அறுங்கள், அடிக்கட்டை தழைக்கட்டும். காலையில் அறுத்த புல்லை மதியம் வரைக்கும் பரப்பி வாட விடுங்கள், கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, திறந்தால் பந்து மெதுவாக விரிய வேண்டும். அது சரியான பதம். பிறகு மெஷினில் விட்டு 2, 3 செண்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லப்பாகு என்று எடுத்து, கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தெளித்துப் புரட்டுங்கள். நீலத் தோங்கில் (மூடி போட்ட பீப்பாய்) ஒரு சாண் ஒரு சாணாகப் போட்டு மிதியுங்கள். மிதிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காற்று உள்ளே மாட்டினால் பூஞ்சை வரும், காற்று இல்லாவிட்டால் புளிப்பேறி நிற்கும். எங்கள் வீட்டில் இந்த வேலை அத்தைக்குத்தான், ஒவ்வொரு அடுக்கையும் ஓரத்தில் குதிகாலால் மிதித்து, நடுவுக்கு வந்து, மறுபடி ஓரத்துக்குப் போவார். அவர் மிதித்த தோங் இதுவரை ஒன்றுகூடக் கெட்டதில்லை. விளிம்பு வரை நிரப்பி, பிளாஸ்டிக் தாள் போட்டு, மூடியை இறுக்கி வளையம் மாட்டி, நிழலில் வையுங்கள்.

மூன்று வாரம் திறக்கவே கூடாது. நான்காவது வாரம் திறந்தால் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில், புளித்த பழ வாசனை அடிக்க வேண்டும். கறுத்திருந்தாலோ, வெள்ளைப் பூஞ்சை இருந்தாலோ, சாணி நாற்றம் அடித்தாலோ அதை எருக்குழியில் கொட்டுங்கள், மேல் பகுதியை மட்டும் தள்ளிவிட்டு மிச்சத்தைப் போடலாம் என்று சினை மாட்டிடம் சோதனை செய்ய வேண்டாம்.

எவ்வளவு போடுவது? எங்கள் கணக்கைச் சொல்கிறேன். 120 லிட்டர் தோங்கில் நன்றாக மிதித்தால் 60 கிலோ பிடிக்கும். மாட்டுக்கு நாளைக்கு 5 கிலோ என்று 12 மாட்டுக்கு 60 கிலோ, ஆக ஒரு நாளைக்கு ஒரு தோங். ஒன்றரை மாத வறட்சிக்கு 45 தோங். மிச்சப் பசிக்கு இருக்கிற பச்சைப்புல்லும் வைக்கோலும். 350 கிலோ எடையுள்ள மாடு பச்சையாகவே 30, 35 கிலோ தின்னும் என்பதை நினைவில் வையுங்கள், ஊறுகாய்ப்புல் அதில் ஒரு பங்குதான். முதல் நாளே 5 கிலோ போடாமல், 1 கிலோவில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்றுங்கள்.

வைக்கோலுக்கு பெனாகா, கெப்பாலா பத்தாஸ் பக்கத்து வயல்களில் அறுவடை முடிந்ததும் சொல்லி வைத்து வாங்கிவிடுங்கள், மழையில் நனைந்த உருளையை விலை குறைவு என்று ஏற்றிக்கொண்டு வராதீர்கள். பிகேசி (செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு), சோயாச் சக்கை இரண்டும் மாட்டுக்கு நல்லது, ஆனால் சோயாச் சக்கை ஒரே நாளில் புளித்துவிடும், பிகேசி ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். பிகேசியைப் பத்து நாளைக்கு மேல் சேர்த்து வைக்க வேண்டாம். செம்மறி ஆட்டுக்கு பிகேசி வேண்டவே வேண்டாம், மறுபடியும் அதே செம்புப் பிரச்சினை.

ஊசி, புழு, உண்ணி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எந்த ஊசி எப்போது என்பதை உங்கள் மாவட்டக் கால்நடை சேவைத் துறையிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். கோமாரி, தொண்டை அடைப்பான், தோல் கழலை நோய் மூன்றையும் கேளுங்கள். தோல் கழலை நோய் 2021இல்தான் முதன்முதலாகத் தீபகற்ப மலேசியாவுக்குள் வந்தது, ஈயும் கொசுவும் உண்ணியும் பரப்புவது, ஆகவே கொட்டகையைச் சுற்றிச் சாணம் தேங்காமல் இருப்பதும் இந்த நோய்க்கான பாதுகாப்புத்தான். எந்த ஊசியாக இருந்தாலும் முதல் விருந்தாளி வருவதற்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். ஊசி போட்டு இரண்டு, மூன்று நாள் மாடு சோர்ந்து நிற்கும், பால் குறையும், எதிர்ப்புச் சக்தி வரவும் இரண்டு வாரம் வேண்டும். நிறைசினை மாட்டுக்குப் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள்.

புழு மருந்து, உண்ணி மருந்து கொடுத்தால் எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்பதை லேபிளில் படித்து, அந்த மாட்டின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். சில மருந்துகள் கறவை மாட்டுக்கே ஆகாது, ஐவர்மெக்டின் ஊசி அதில் ஒன்று. உண்ணி மாட்டின் மேல் மட்டும் இல்லை, சுவர் விரிசலிலும் இருக்கும். சுண்ணாம்பு அடிக்கும்போது விரிசலுக்குள் போகிற மாதிரி கெட்டியாக அடியுங்கள்.

இனி அறைகள்

இதற்குள் ஜனவரி பிறந்திருக்கும். மெத்தையை வெயிலில் போட்டு இரண்டு பக்கமும் தட்டுங்கள். கொசுவலை ஓட்டை பாருங்கள். கூரை ஓடு, குழாய், கேஸ் தோங், விளக்கு. வாசற்படி வழுக்கினால் சொரசொரப்பு அட்டை ஒட்டுங்கள், வயதானவர்கள் வருகிறார்கள். எலி வந்த அடையாளம் இருந்தால் அதை விட்டுவிட்டு அறையை வாடகைக்குக் கொடுக்காதீர்கள். எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒன்றுதான், தீவன மூட்டை எல்லாம் மூடியுள்ள தோங்குக்குள் போய்விட்டால் எலி பாதி குறைந்துவிடும்.

எல்லா அளவிலும் ரப்பர் பூட்ஸ் வாங்கி வையுங்கள், சின்னப் பிள்ளை அளவு ஆறு ஜோடியாவது. செருப்போடு யாரையும் கொட்டகைக்குள் விடுவதில்லை என்று நாங்கள் முடிவெடுத்து ஐந்து வருஷமாகிறது. சேற்றில் காலில் ஒரு சிராய்ப்பு இருந்தால் போதும், மண்ணில் இருக்கும் கிருமி ஏறிவிடும். இன்னொரு காரணம் மாட்டுக்காக: போன வாரம் வேறொரு பண்ணைக்குப் போன செருப்பு கோமாரிக் கிருமியைக் கொண்டு வரலாம். வாசலில் ஒரு தட்டில் சலவைச் சோடா, லிட்டருக்கு 40 கிராம், கரைத்து வைத்து பூட்ஸை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாணி படிந்துவிட்டால் உடனே மாற்றுங்கள், அழுக்குத் தண்ணீரில் அது வேலை செய்யாது.

பால் விஷயத்தில் மட்டும் யாருக்காகவும் இறங்கிவராதீர்கள். "பச்சையாகக் குடித்தால்தான் சத்து" என்று கேட்கிற விருந்தாளி ஒவ்வொரு வருஷமும் ஒருவராவது வருவார். 2011 வாக்கில் இதே பினாங்கில் காய்ச்சாத ஆட்டுப்பால் குடித்து 70 பேருக்கு மேல் புருசெல்லா காய்ச்சல் வந்தது. நம் மாடு பரிசோதனையில் சுத்தம் என்று வந்திருந்தாலும் பொங்கக் காய்ச்சிய பாலைத்தான் கொடுங்கள். காய்ச்சிய பாலில் ஏலக்காய் தட்டிப்போட்டு நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தால், பச்சைப் பால் கேட்டவரே இரண்டாவது டம்ளர் கேட்பார்.

மாட்டுப் பொங்கல் அன்று

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மாட்டைக் கொண்டாடுகிற நாளில்தான் மாட்டுக்கு ஆபத்து அதிகம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், அறைகள் திறந்த முதல் பொங்கல். இருபத்தைந்து பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் தன் கையால் ஒரு வாய் ஊட்ட ஆசை, நாங்களும் தடுக்கவில்லை. சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், வாழைப்பழம், ஒரு பிள்ளை ரொட்டிப் பாக்கெட் முழுவதும். எல்லோரும் போனது முன்வரிசையில் நின்ற லெட்சுமியிடம்தான், அது சாது, யார் கொடுத்தாலும் வாங்கும். ராத்திரி அசை போடவில்லை. விடியற்காலையில் இடது வயிறு உப்பி, தள்ளாடி, சாணம் தண்ணீராகப் புளித்த வாடையோடு போனது. மருத்துவர் வந்து பகல் முழுவதும் கூடவே இருந்தார். பிழைத்துக்கொண்டது, ஆனால் அந்த ஈற்றில் பால் பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. அன்றைக்கு அப்பா தொழுவத்தில் உட்கார்ந்திருந்த முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

என்ன நடக்கிறது என்றால், மாட்டின் முதல் வயிறு புல்லையும் வைக்கோலையும் மெதுவாகச் செரிக்கிற இடம். குழைந்த சோறும் வெல்லமும் ஒரேயடியாக உள்ளே போனால் அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதை வேகமாகப் புளிக்க வைத்து அமிலமாக்கிவிடும், நல்ல நுண்ணுயிர்கள் செத்து, வயிறு நின்றுவிடும். ஒரு நாளில் உயிரே போகலாம். அசை போடுவது நின்று, தீவனத்தைத் தொடாமல், சாணம் புளித்துப் போனால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். எண்ணெயை வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வழக்கம் இது. படையல் பொங்கலில் ஒரு மாட்டுக்கு ஒரு கைப்பிடி, அதை அம்மா மட்டுமே கொடுப்பார். விருந்தாளிகளுக்கு நாங்கள் ஆளுக்கு ஒரு கட்டு தயார் செய்து வைக்கிறோம்: நறுக்கிய கரும்புத் தோகை, நேப்பியர், கொஞ்சம் அகத்திக்கீரை, மேலே ஒரு பூ. பிள்ளைகளுக்கு அதைக் கொடுப்பதில் அதே சந்தோஷம்தான், மாடு நாக்கை நீட்டிச் சுருட்டி வாங்கும்போது கத்துகிறார்கள். காலையில் மாட்டுக்கு வைக்கோல் வயிறு நிறையப் போட்டுவிட்டுத்தான் பூஜை தொடங்க வேண்டும், பசியோடு நிறுத்தாதீர்கள்.

கொம்புக்கு எண்ணெய் பெயிண்ட் வேண்டாம். பழைய டின்னில் ஈயம் இருக்கலாம், மாடு ஒன்றையொன்று நக்கும், ஈயம் மாட்டைக் கொல்லும். காவியும் சுண்ணாம்பும் மஞ்சளும் போதும், அழகும் அதில்தான் இருக்கிறது. மாலையை வாழைநாரில் கட்டச் சொல்லுங்கள், நைலான் நூலும் கம்பியும் கூடாது. மாலையைத் தின்னும் மாடு கம்பியையும் சேர்த்து விழுங்கும், அது வயிற்றிலிருந்து இதயம் வரைக்கும் குத்திக்கொண்டு போகும். பலூன் கிடையாது, பட்டாசு கிடையாது, பிளாஸ்டிக் பை எல்லாம் வாசலில் ஒரு கூடையில். பூஜை முடிந்ததும் தம்பி ஒரு வாளியோடு களத்தை இரண்டு சுற்றுச் சுற்றி நூல், பின், ஊதுவத்திக் குச்சி எல்லாம் பொறுக்கிவிடுவான். வைக்கோல் போருக்கும் அடுப்புக்கும் நடுவில் நல்ல இடைவெளி வேண்டும், பக்கத்தில் தண்ணீர்க் குழாய் நீட்டி வைத்திருக்க வேண்டும்.

தைப்பூசம் வரைக்கும்

விருந்தாளிகள் இருக்கிற நாட்களில் கறவை நேரத்தை மாற்றாதீர்கள். எங்களுக்கு அதிகாலை 5 மணி, பிற்பகல் 3.30. பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு நேரத்தில் நாலு பேர், பேசாமல், மாட்டின் கண்ணுக்குத் தெரிகிற பக்கமாக நிற்க வேண்டும், பின்னால் போகக் கூடாது. புது ஆள், ஃபிளாஷ் வெளிச்சம், சத்தம் எதையாவது கண்டு மாடு பயந்தால் பால் இறங்காது. மடி நிறைய இருக்கும், காம்பில் வராது. அப்படி மிஞ்சிய பால்தான் மடிநோய்க்கு வழி. கன்று போட்ட மாட்டின் பக்கம், அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும், வீட்டு ஆள் இல்லாமல் யாரும் போகக் கூடாது. வெயில் ஏறும் மதியத்தில் மாடுகளுக்கு ஒரு முறை தண்ணீர் அடித்து விசிறியைப் போட்டுவிட்டு, அந்த இரண்டு மணி நேரம் கொட்டகையை மூடிவிடுங்கள். விருந்தாளிகளை அந்த நேரம் பத்து காவான் பக்கம் கோயிலுக்கோ, நிபோங் தெபால் பக்கம் சாப்பிடவோ அனுப்பலாம்.

பால்குடத்துக்குப் பால் கேட்டு தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பே அழைப்புகள் வரத் தொடங்கும். எங்களிடம் அப்போது கறவையில் ஒன்பது மாடு, எல்லாம் சேர்த்து நாளைக்கு 70 லிட்டர்தான் தேறும், வழக்கமாக வாங்குகிற வீடுகளுக்குப் போக மிச்சத்தை எண்ணி அதற்கு மேல் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. கன்றுக்கான பாலில் கை வைப்பதும் இல்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற பாலை முந்தைய நாள் பிற்பகல் கறவையிலேயே எடுத்து, 4 டிகிரிக்குக் குளிர வைத்து, ஐஸ் பெட்டியில் இரவே பினாங்குத் தீவுக்கு அனுப்பிவிடுங்கள். விடிந்த பிறகு கிளம்பினால் நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள்.

கடைசி விருந்தாளி கிளம்பிய அன்றே, அலுப்பாக இருந்தாலும், நோட்டில் எழுதிவிடுங்கள்: எத்தனை தோங் மிஞ்சியது, எந்த மாடு கூட்டத்துக்குப் பயந்தது, எந்தச் சாக்கடை அடைத்தது, எந்தத் தேதியில் எது ஈன்றது. ஏப்ரலில் சினை ஊசிக்காரர் வந்து நிற்கும்போது முதலில் திறக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.